அன்றைக்கு இழுத்த மூச்சு

தம்பியை அடக்கம் செய்த அன்றைக்குத்தான் சூசைக்கு இடுப்பு வலி தொடங்கியது. குழிக்குள் ஒரு பிடி மண் போடக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டு பேர் தோளைப் பிடித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. துக்கத்தில் உடம்பு தளர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அது 1930 ஐப்பசி மாதம்.

அண்ணனும் தம்பியும் சிப்பி எடுக்கிறவர்கள். தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்கே அவர்கள் ஊர். கரையிலிருந்து பார்த்தால் தெரியாது, கடலுக்குள் முழுகிக் கிடக்கும் பாறைகள் உண்டு. அவற்றில் சிப்பி அப்பிப் பிடித்து வளரும். மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்ததும் கட்டுமரத்தைப் பாறைக்கு மேலே கல் கட்டி நிறுத்துவார்கள். இடுப்பில் வலைப்பை, கையில் உளி. ஒரு மூச்சில் முங்கி, பேர்த்த மட்டும் பையில் போட்டுக்கொண்டு மேலே வர வேண்டும். சூசை அடியில் நூற்றிருபது எண்ணும்வரை நிற்பான். தம்பி ஏசுஅடிமை நூற்றுக்கு மேல் தாங்கமாட்டான். அண்ணனைவிட ஆறு வயது இளையவன், ஆனாலும் மூச்சு அண்ணனுக்குத்தான் அதிகம் என்று ஊரில் சொல்வார்கள்.

அடக்கத்துக்குச் சில நாள் முன்னால் ஒரு காலை இருவரும் முங்கினார்கள். சூசை மட்டும் கரைக்கு வந்தான்.

"அடியில நீரோட்டம் இருந்துது. அவன் இழுபட்டுப் போயிட்டான். நான் காணல்ல" என்று சொன்னான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கடலில் அப்படி நடப்பதுதான். மூன்றாம் நாள் உடல் மேற்கே ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கியது. ஏசுஅடிமையின் மனைவி ரீத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இசபெல் என்று மூன்று வயதில் ஒரு மகள்.

வலி போகவில்லை. கார்த்திகையில் சூசையால் கட்டுமரத்தைத் தள்ள முடியவில்லை. மார்கழியில் பாயிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடக்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்கும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும். நூற்றிருபது எண்ணிய மனிதன் கோயில் படி ஏறும்போது நடுவில் நின்றான்.

வர்ம ஆசான் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பதினான்கு நாள் எண்ணெய் போட்டார். கடைசியில், "எலும்பு நல்லா இருக்கு. சுளுக்கும் இல்ல. இது எனக்கக் கைக்கு அடங்குத காரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேங்காயைக்கூட வாங்காமல் போனார்.

அந்த எண்ணெயில் மிச்சம் இருந்ததைச் சூசையின் மனைவி செசிலி தினமும் தேய்த்துவிட்டாள். ஒருநாள் தேய்த்துக்கொண்டே இருந்தவள் கையை எடுத்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"இஞ்சேருங்க, இந்த எடம் மட்டும் என்ன இப்பிடி தணுத்துக் கெடக்கு?"

"எந்த எடம்?"

"இடுப்புல, ரெண்டு பக்கமும். மத்த எடமெல்லாம் சூடா இருக்கு. இங்க தொட்டா மீனைத் தொட்ட மாதிரி இருக்கு."

சூசை வேட்டியை இடுப்புக்கு மேலே இழுத்துக்கொண்டான். அவனுக்கு அந்த இடம் தெரியும். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து விரல்கள் அங்கே பதிந்திருந்தன. மேலோட்டமாக மூச்சு விட்டால் அவை சும்மா இருக்கும். கொஞ்சம் ஆழமாக இழுத்து வயிறு புடைத்தால் விரல்கள் இறுகும். அதனால் அவன் நெஞ்சுக்கு மேலேயே மூச்சை வைத்துக்கொள்ளப் பழகியிருந்தான். கழுத்துக்குழி மட்டும் ஏறி இறங்கும். பூசை நேரத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது அவன் வாயை மட்டும் அசைப்பான்.

இரண்டு குடும்பமும் ஒரே வளவில், ஒரே முற்றத்தில்தான் இருந்தன. நடுவில் ஒரு ஓலைத்தட்டி. அந்தப் பக்கம் ரீத்தா குழந்தையோடு இருந்தாள். கணவன் போன பிறகு அவள் மீன் கடவப்பெட்டி சுமந்து கருங்கல் ஊர்ச் சந்தைக்குப் போய் வந்தாள். அடக்கத்தன்றைக்கும் அவள் வாய்விட்டு அழவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதபோது மரம்போல உட்கார்ந்திருந்தாள். சூசையோடு அவள் பேசுவதும் நின்று போயிருந்தது. எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்பாள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் ஆனி மாதம் ஒரு காலைப்பொழுதில், முற்றத்தில் சூசை வலை உலர்த்தும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து இசபெல் ஓடி வந்தாள். "பெரியப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள்.

சூசை அலறினான். அது மனிதக் குரல்போல இல்லை என்று பிற்பாடு செசிலி சொன்னாள். அவன் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, திரும்பி, அவளைத் தூக்கி எறிந்தான். இசபெல் உரல்மேல் போய் விழுந்தாள். நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. சூசை இருந்த இடத்திலேயே மண்ணில் சரிந்து, வாயைத் திறந்து திறந்து மூடினான். கரையில் கிடக்கும் மீன் மாதிரி.

ரீத்தா வெளியே வந்தாள். குழந்தையைத் தூக்கி முந்தானையால் நெற்றியை அழுத்தினாள். கீழே கிடந்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. சூசைக்கு அந்தப் பார்வைதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுநாள் விடியும் முன்னே செசிலி ஒரு வில்வண்டி பிடித்தாள். "ஆசானும் பாத்தாச்சு, தீர்த்தமும் தெளிச்சாச்சு. இனி வெள்ளைக்காரன் பாக்கட்டும்" என்று வைக்கோலைப் பரப்பி அவனைப் படுக்க வைத்து, கிழக்கே மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

அங்கே டாக்டர் துரை முட்டியில் தட்டினார், காலைத் தூக்கிப் பார்த்தார், முதுகில் குழல் வைத்துக் கேட்டார். முதுகெலும்பில் சயரோகம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். அதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் படுக்கையில் வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த வார்டில் ஜெயபாய் என்று ஒரு நர்ஸ். நாற்பது வயது, மெலிந்த உடம்பு, பேச்சு குறைவு. காலையும் மத்தியானமும் மாலையும் ஒவ்வொரு கட்டிலாக நின்று, மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நாடியும் மூச்சும் எண்ணி அட்டையில் எழுதுவது அவள் வேலை. சூசையின் அட்டையில் மூச்சு இருபத்தெட்டு, முப்பது என்றே வந்துகொண்டிருந்தது. காய்ச்சல் இல்லை, நெஞ்சில் சளி இல்லை. சும்மா படுத்திருக்கும் மனிதனுக்கு அது அதிகம்.

நாலாம் நாள் மத்தியானம் மருந்து குடித்துவிட்டு அவன் கண்ணயர்ந்து கிடந்தான். ஜெயபாய் எண்ண வந்தாள். பதினாறு. வயிறு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முனகாமல் ஒருக்களித்துப் படுத்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் திரும்பினான். விழித்திருக்கும்போது அப்படித் திரும்ப அவனுக்கு இரண்டு ஆள் வேண்டும்.

அவன் எழுந்த பிறகு ஜெயபாய் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"தொழில் என்ன?"

"சிப்பி எடுக்கது. முங்குதவன்."

"அதான். நீங்க எப்பவும் முங்கப் போறவரு மாதிரியே கெடக்கீங்க. மூச்சை மேல இழுத்து அடச்சு வச்சிருக்கீங்க. உறங்கும்போ மட்டும் விடுதீங்க. அப்ப இடுப்பும் சும்மா இருக்கு."

"எனக்கு இழுக்கத்தான் முடியல்ல, நர்சம்மா."

"இழுக்கது அப்பறம். உள்ள இருக்கத மொதல்ல விடணும். நெறஞ்ச குடத்துல எப்பிடித் தண்ணி கோருவீங்க?"

அவனை மல்லாக்கப் படுக்க வைத்து முழங்கால் இரண்டையும் மடக்கச் சொன்னாள். அவன் இடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வில்போல வளைந்து விறைத்திருந்த முதுகு. வயிற்றின் மேல் ஒரு சிறு மணல் பொட்டலத்தை வைத்தாள். "வாயைக் குவிச்சு, விளக்கை அணைக்காம ஆட்டுத மாதிரி, மெதுவா ஊதி விடுங்க. முழுசும் போவட்டு. நான் எண்ணுதேன்."

மூன்று எண்ணுவதற்குள் அவன் நிறுத்தினான். மறுநாள் நாலு. ஐந்தாவது நாள் எட்டு. எட்டு வந்த அன்றைக்கு அவன் விலாவெலும்புகள் கீழே இறங்கின, முதுகு தானாகப் படுக்கையில் தொட்டது. பிறகு காற்று தானே உள்ளே நுழைந்தது, மணல் பொட்டலம் உயர்ந்தது. மூச்சு எட்டு மாதத்துக்குப் பிறகு இடுப்புவரைக்கும் போனது. அந்த நிமிஷமே பத்து விரல்களும் இறுகின.

சூசை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "பிடிக்கான்" என்றான். "பிடிக்கான், நர்சம்மா."

"ஆரு?"

அவன் சொன்னான். எட்டு மாதமாக மனைவியிடமும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் சொல்லாததை, வேறு சபைக்காரியான அந்தப் பெண்ணிடம் சொன்னான். அடியில் தம்பியின் கால் எதிலோ சிக்கிக்கொண்டது. பாறை இடுக்கோ, அறுந்த வலையோ, தெரியவில்லை. அவன் பின்னாலிருந்து அண்ணனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். சூசைக்கு மூச்சு முடிந்துகொண்டிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டுவிட்டு மேலே வந்தான்.

ஜெயபாய் அட்டையைக் கீழே வைத்தாள். "முங்கிச் சாவுதவன் பிடிச்சா விடமாட்டான். நீங்க பிரிக்கல்லன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

"அது எனக்கும் தெரியும். அது இல்ல காரியம்." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மேல வந்து கட்டுமரத்துல கை போட்டேன். திரும்பவும் முங்கணும்னு நெஞ்சு நெறைய இழுத்தேன். அவ்வளவு பெரிய மூச்சு நான் ஒருநாளும் இழுத்ததில்ல. குனிஞ்சு பாத்தேன். கீழேருந்து குமிழி வந்துட்டு இருந்துது. நான் முங்கல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அப்பிடியே பாத்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சங் கொஞ்சமா வந்துது. பின்ன நின்னு போச்சு."

"ஏன் முங்கல்ல?"

"பயந்துட்டேன். திரும்பப் போனா பிடிச்சுக்கிடுவான்னு பயந்துட்டேன்." அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "அவனுக்குன்னு இழுத்த மூச்சு அது. அதை எங்க கொண்டு விட?"

"நான் குருவானவர் இல்ல" என்றாள் ஜெயபாய். "எனக்கு எண்ண மட்டுந்தான் தெரியும்." கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தாள். "இன்னொரு தரம் விடுங்க. பிடிச்சாப் பிடிக்கட்டு. நான் இங்கதான் இருக்கேன்."

அன்று இருபது தடவை விட்டான். ஒவ்வொரு தடவையும் விரல்கள் இறுகின. அவன் அழுதுகொண்டே விட்டான். அழுகையோடு போகும் மூச்சு கட்டையாகப் போகும், நீளமாக விடச் சொல்லி ஜெயபாய் எண்ணிக்கொண்டே இருந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மூன்று வாரம் முடிந்தபோது சூசை எழுந்து வராந்தாவில் நடந்தான். குனிந்து தரையிலிருந்து துண்டை எடுத்தான். விரல்கள் அங்கேதான் இருந்தன, ஆனால் நடக்க விட்டன. டாக்டர் துரை அட்டையைப் பார்த்து, படுக்கை ஓய்வு நல்ல பலன் கொடுத்தது என்றார்.

ஆவணி முதல் வாரம் ஊருக்கு வந்தான். வந்த அன்றே ஓலைத்தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனான். ரீத்தா வாசலில் குந்தியிருந்து கடவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். இசபெல் அவனைக் கண்டதும் உள்ளே ஓடிப் போனாள். அவள் நெற்றியில் தழும்பு வெளுத்துத் தெரிந்தது.

"ரீத்தா, உன்னட்ட ஒரு காரியம் சொல்லணும்."

அவள் நிமிரவில்லை. அவன் நின்றபடியே எல்லாம் சொன்னான். கையைப் பிரித்தது, இழுத்த மூச்சு, குமிழி, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் கடவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

சூசைக்குப் புரியவில்லை.

"அவரைக் குளிப்பாட்டும்போ வலது கை மூடியிருந்துது. விரிக்கப் பாத்தேன், விரியல்ல. வெந்நி விட்டு விட்டு விரிச்சேன். உள்ள உங்க அரைஞாண் கயிறு இருந்துது, அந்தோணியார் பதக்கத்தோட. அவரு இழுபட்டுப் போவல்ல, உங்களைப் பிடிச்சாருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. நான் ஆருட்டயும் சொல்லல்ல. நீங்களா வந்து சொல்லுவீயன்னு இருந்தேன்."

"பத்து மாசமா?"

"பத்து மாசமா." அவள் இப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "நீங்க முனங்குதது ஓலை வழியாக் கேக்கும். கேக்கும்போ எனக்கு ஒரு சமாதானம். அவரு பிடி விடல்லன்னு நெனப்பேன். கல்லறையில இல்ல, கடல்லயும் இல்ல, இந்தா, அடுத்த வீட்டுல உங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்காரு. முனகல் நின்னுட்டா என்ன செய்யன்னு பயந்துகூட இருக்கேன். இப்ப நிமிந்து நடந்து வாறீய. அவரை எங்க எறக்கி விட்டீய, அண்ணே?"

அவன் மூச்சு மறுபடி மேலேறிக் கழுத்தில் நின்றது. அவள் அதைக் கவனித்தாள்.

"அண்ணைக்கு முங்காம விட்டதை முங்கும்" என்றாள். முதல் தடவையாக மரியாதையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னாள். "தண்ணி தெளியட்டு. அங்க போய்ப் பாத்துட்டு வந்து, இருக்காரா இல்லியான்னு எனக்கு வந்து சொல்லும்."

செசிலி கேள்விப்பட்டுச் சண்டை போட்டாள். இப்போதுதான் எழுந்து நடக்கிறவனைக் கடலுக்கு அனுப்பவா என்றாள். சூசை அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. மறுநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்து, "முதுகைத் திருப்பும்" என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசியில் கடல் தெளிந்தது. பக்கத்து வீட்டு மரியஜான் கட்டுமரம் தள்ளினான். ரீத்தா இசபெல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றாள்.

பாறைக்கு மேலே வந்ததும் சூசை பையோ உளியோ எடுக்கவில்லை. கட்டுமரத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜெயபாய் எண்ணிய கணக்கில் மூச்சை விட்டான். நெஞ்சு முழுதும் காலியாகும்வரை விட்டான். பிறகு மெதுவாக, அடிவயிறுவரைக்கும் இழுத்தான். இடுப்பில் விரல்கள் இறுகின. இறுகட்டும் என்று அப்படியே இறங்கினான்.

கீழே வெளிச்சம் பச்சையாக இருந்தது. பாறையின் கிழக்குப் பக்கத்தில் அந்த இடம். ஒரு வருஷத்தில் சிப்பி கனமாக வளர்ந்திருந்தது, யாரும் அங்கே உளி வைக்கவில்லை. இடுக்கில் கை விட்டுத் துழாவினான். வலைத்துண்டு இல்லை. துணி இல்லை. பாசியும் மணலும்தான். பாறைக்கு முதுகைக் காட்டி, அன்றைக்கு நின்றமாதிரியே நின்றான். நாற்பது, ஐம்பது என்று எண்ணினான். வரட்டும் என்று காத்திருந்தான். வந்தால் இந்தத் தடவை கையைப் பிரிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான். அதை மரியஜானிடமோ செசிலியிடமோ அவன் சொல்லவில்லை. எண்பது. நூறு. தண்ணீர் அவனைச் சுற்றிப் போயிற்று. யாரும் பிடிக்கவில்லை. இடுப்பில் இருந்த விரல்கள்கூட எப்போது போயின என்று தெரியவில்லை. அங்கே வெறும் தணுப்பு மட்டும் இருந்தது, உடம்பு முழுக்க இருந்த அதே தணுப்பு.

பிடித்திருந்தால்கூட இவ்வளவு பயம் வந்திருக்காது. அந்தப் பச்சை வெளிச்சத்தில் தான் ஒருத்தன் மட்டும் நிற்கிறோம் என்று தெரிந்தபோதுதான் தம்பி செத்துப்போனது அவனுக்கு முதன்முதலாகத் தெரிந்தது. வாயைத் திறந்து தம்பியின் பெயரைச் சொன்னான். அடைத்து வைத்திருந்த காற்றெல்லாம் குமிழியாக மேலே போயிற்று. அதன் பின்னாலேயே காலை உதைத்து அவனும் மேலே வந்தான்.

மரியஜான் கையைக் கொடுத்து ஏற்றினான். "ஏலே, என்ன செய்த இவ்வளவு நேரம்? நான் முங்கலாம்னு துணியை அவுத்துட்டேன்."

கரையில் ரீத்தா முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

"இருந்தாரா?"

"இல்ல, ரீத்தா. அங்க ஆரும் இல்ல."

"நல்லாப் பாத்தீயளா?"

"எவ்வளவு நேரம் நிக்க முடியுமோ நின்னேன். இல்ல."

அவள் பாறை இருக்கும் திசையைப் பார்த்தாள். குழந்தையைக் கீழே இறக்கி விட்டாள். வீட்டுப் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தவள் மணலில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக வராத அழுகை அப்போது வந்தது. நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்த அந்தக் குரலைக் கேட்டு வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். செசிலி ஓடிப்போய் அவளைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

சூசை பிற்பாடு சிப்பித் தொழிலுக்குப் போகவில்லை. கரைமடிக்காரர்களோடு சேர்ந்து வலை இழுத்தான், இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து. ஈரக்காற்று வீசும் நாட்களில் இடுப்பு பிடிக்கும். அது எல்லாருக்கும் வருகிற வலிதான் என்று செசிலி சொல்வாள், அவனும் ஆமாம் என்பான். இசபெல் அவனிடம் பேசத் தொடங்க இரண்டு வருஷம் ஆயிற்று. ரீத்தா அந்தக் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவனும் கேட்கவில்லை.

சில நாள் காலையில், கண் விழித்ததும் உடனே எழுந்திருக்காமல், அவன் மெதுவாக மூச்சை இடுப்புவரைக்கும் இழுத்துப் பார்ப்பான். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று.